ஓட்டைகளின் எடை

சென்ற பொங்கலுக்கு முன் வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்தபோது, பழுதாகிப்போன வன்தட்டு ஒன்று அகப்பட்டது. ஹார்ட் டிஸ்க் என்று எல்லோரும் சொல்லும் அந்த உலோகப் பெட்டியைப் பழைய செய்தித்தாள்களோடு சேர்த்துக் காயலான் கடைக்கு எடுத்துச் சென்றேன். கடைக்காரர் அதை மட்டும் தனியே தராசில் வைத்தார். "அறுநூறு கிராம்தான் சார் வருது. வேற ஏதாச்சும் இருந்தா சேர்த்துக் கொண்டாங்க" என்றார். என்ன காரணத்தாலோ அதை விற்க மனம் வரவில்லை. செய்தித்தாள்களை மட்டும் போட்டுவிட்டுப் பெட்டியைத் திரும்ப எடுத்து வந்தேன்.

காரணம் எனக்குத் தெரியாததன்று. 2003-ஆம் ஆண்டில், முதுகலை இறுதியாண்டு ஆய்வேட்டுக்காகக் கொள்ளிடக் கரைக் கிராமங்களில் ஒப்பாரிப் பாடல்களைத் திரட்டினேன். பதினொரு பெண்கள் பாடினார்கள். பதினான்கு ஒலிநாடாக்கள் நிறைந்தன. சில ஆண்டுகளுக்குப் பிறகு நண்பர் ஒருவரின் உதவியோடு அவற்றைக் கணினிக்கு மாற்றினேன். மாற்றியதும் ஒலிநாடாக்களை எறிந்துவிட்டேன். வாடகை வீடு மாறும் ஒவ்வொரு முறையும் தூக்கிச் சுமந்த அட்டைப் பெட்டி ஒன்று குறைந்ததே என்று மகிழ்ந்ததும் நினைவிருக்கிறது. ஒருநாள் வன்தட்டு சுழல மறுத்தது. மீட்டுத் தருகிறவர்களிடம் கொடுத்துப் பார்த்தேன், கைவிரித்துவிட்டார்கள். பாடிய பெண்களில் பெரும்பாலோர் அதற்குள் காலமாகியிருந்தனர்.

கடையிலிருந்து திரும்பும் வழியில் ஒரு கேள்வி என்னைத் தொற்றிக்கொண்டது. புதிதாக வாங்கியபோது அந்தப் பெட்டியின் எடை அறுநூறு கிராம். பதினொரு பெண்களின் குரல் அதற்குள் குடியிருந்தபோதும் அறுநூறு கிராம். செத்துப்போன பின்னும் அதே அறுநூறு கிராம். அப்படியானால் அந்தப் பாடல்களுக்கு எடையே இல்லையா?

*

இதை ஒத்த கேள்வியோடு தராசின் முன் நின்ற மருத்துவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹேவர்ஹில் என்னும் ஊரைச் சேர்ந்த டங்கன் மக்டூகல், இறக்கும் தறுவாயில் இருந்த ஆறு நோயாளிகளைக் கட்டிலோடு எடைபோட்டு, அம்முடிவுகளை 1907-இல் வெளியிட்டார். முதல் நோயாளியின் உயிர் பிரிந்த கணத்தில் முக்கால் அவுன்சு, அதாவது ஏறத்தாழ 21 கிராம், குறைந்தது என்பது அவர் கூற்று. மற்ற நோயாளிகளிடம் கிடைத்த அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அறிவுலகம் அதை ஏற்கவில்லை. இருப்பினும் 21 கிராம் என்ற எண் மட்டும் மக்கள் மனத்தில் தங்கிவிட்டது. கண்ணுக்குப் புலப்படாத ஒன்றை நாம் மதிக்கிறோம் என்றால், அதற்கு எடை இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம் போலும்.

தரவைப் பொறுத்தவரை, இந்த எதிர்பார்ப்பு ஒரு காலத்தில் மெய்யாகவே இருந்தது. தரவு என்றால் தூக்க முடியாத சுமை என்றே கணினித் துறையின் முதல் தலைமுறையினர் அறிந்திருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தரவு வாழ்ந்த இடம் துளையிட்ட அட்டை. ஐபிஎம் நிறுவனத்தின் அட்டை ஒன்றில் 80 எழுத்துகள் அடங்கும். எடை இரண்டரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. இன்று சட்டைப்பையில் கிடக்கும் ஒரு கிகாபைட் தரவை அந்த அட்டைகளில் துளையிட்டால் ஒன்றேகால் கோடி அட்டைகள் வேண்டும். சுமார் 30 டன். இரண்டு மூன்று லாரிகளின் பாரம்.

1956-இல் அதே நிறுவனம் ரேமாக் கணினியோடு முதல் வன்தட்டு அமைப்பை வெளியிட்டது. இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் அடுக்கடுக்காகச் சுழன்றன. அதில் அடங்கியவை ஐம்பது லட்சம் எழுத்துகள். எடை ஏறத்தாழ ஒரு டன். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு நல்ல புகைப்படத்துக்கு அதில் இடம் போதுமா என்பதே ஐயம்.

துளையிட்ட அட்டைக்கு ஒரு விசித்திரம் உண்டு. வெற்று அட்டையைவிட, தரவு பதிந்த அட்டைக்கு எடை குறைவு. துளையிடும்போது காகிதத் துணுக்குகள் உதிர்ந்துவிடுகின்றன அல்லவா? இதையொட்டி விண்வெளித் துறையினரிடையே ஒரு கதை வழங்குகிறது. விண்கலத்தின் ஒவ்வொரு பகுதியின் எடையையும் கிராம் சுத்தமாகக் கணக்கெடுத்துவந்த பொறியாளர் ஒருவர், மென்பொருள் எழுதுபவரிடம் வந்து, "உங்கள் பங்கின் எடை எவ்வளவு?" என்று கேட்டாராம். "ஒன்றுமில்லை" என்றாராம் இவர். அவர் நம்பவில்லை, மேசைமேல் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்த அட்டைகளைச் சுட்டிக்காட்டினார். இவர் ஓர் அட்டையை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, "இந்த ஓட்டைகள் தெரிகின்றனவா? மென்பொருள் அந்த ஓட்டைகள்தான்" என்றாராம். நடந்ததோ, கட்டிவிட்டதோ, நல்ல கதை.

ஆனால் நிலவுக்குச் சென்ற அப்பல்லோ கலத்திலோ, மென்பொருளைத் தராசில் வைக்க முடிந்தது. அதன் வழிகாட்டும் கணினியின் நிலையான நினைவகம் செம்புக் கம்பியால் பின்னப்பட்டது. சின்னஞ்சிறு காந்த வளையங்களின் வரிசை; கம்பி ஒரு வளையத்தின் உள்ளே புகுந்து சென்றால் ஒன்று, வெளியே விலகிச் சென்றால் சுழி. மாசசூசெட்ஸின் வால்தம் நகரில், ரேத்தியான் தொழிற்சாலையில், ஊசியில் கம்பியைக் கோத்து இதைப் பின்னியவர்கள் பெண்கள். 36,864 சொற்கள் கொண்ட அந்த நினைவகத்தைப் பின்னி முடிக்க வாரக்கணக்கில் ஆயிற்று. நிரலில் ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டால் அழித்து எழுத முடியாது. பின்னலைத்தான் திருத்த வேண்டும். முழுக் கணினியின் எடை ஏறத்தாழ 32 கிலோ.

இதைப் படித்தபோது எனக்கு நன்னூல் பாயிரம் நினைவுக்கு வந்தது. பவணந்தி முனிவர் நூல் இயற்றுவதை நூல் நூற்றலுக்கு ஒப்பிடுகிறார். சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் உருவகிக்கிறார். வகுப்பில் ஆண்டுதோறும் இதை உவமை நயம் என்று நடத்திக் கடந்துவிடுவது வழக்கம். வால்தம் நகரத்துப் பெண்களின் கையில் அது உவமையாக இல்லாமல் தொழிலாகவே இருந்தது.

எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பி வளையத்தின் உள்ளே போனாலும் வெளியே போனாலும் கம்பி கம்பிதான். எடை கம்பிக்கு உரியது. ஒன்றுக்கும் சுழிக்கும் உள்ள வேறுபாடு அது சென்ற வழிக்கு உரியது. அட்டையின் ஓட்டையும் அப்பல்லோவின் கம்பியும் சொல்லும் செய்தி ஒன்றே: தரவு என்பது பொருளன்று, பொருளின் அடுக்கு.

*

அடுக்கு மாறினால் எடை மாறுமா என்பது அடுத்த கேள்வி. பள்ளிக்கூட இயற்பியலின்படி மாறாது. வன்தட்டில் எழுதும்போது புதிதாக அணு எதுவும் உள்ளே வருவதில்லை. ஏற்கெனவே இருக்கும் நுண்காந்தங்களின் திசைதான் மாறுகிறது. பென் டிரைவிலும் கைப்பேசியிலும் உள்ள நினைவகத்தில், காப்பிட்ட நுண்ணறைகளில் எலக்ட்ரான்கள் சிறைப்படுகின்றன. அவையும் அதே கருவிக்குள் வேறோர் இடத்திலிருந்து நகர்ந்து வந்தவையே.

ஆனால் 1905-இல் ஐன்ஸ்டைன் ஆற்றலுக்கும் நிறை உண்டு என்று காட்டிவிட்டார். சிறைப்பட்ட எலக்ட்ரானுக்கு ஆற்றல் சற்றுக் கூடுதல். ஆகவே நிறையும் கூடுதல். 2011-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கணினி அறிஞர் ஜான் குபியடோவிச், நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்காக இதைக் கணக்கிட்டுச் சொன்னார். 4 கிகாபைட் கொள்ளளவுள்ள கிண்டில் கருவியில் நூல்களை முழுமையாக நிரப்பினால் கூடும் எடை இவ்வளவு: ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடியும் நூறு கோடிப் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு. உலகின் எந்தத் தராசும் இதைக் காட்டாது. இரவில் கைப்பேசிக்கு மின்னேற்றம் செய்யும்போது கூடும் எடை இதைப் போலப் பல கோடி மடங்கு.

ஆக, எடை உண்டு, இல்லை என்ற இரண்டும் சரி. ஆனால் கதை இங்கே முடியவில்லை. பதிவதைவிட அழிப்பதில்தான் இயற்பியலாளர்களுக்கு வியப்பு காத்திருந்தது.

1867-இல் ஸ்காட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கற்பனையை முன்வைத்தார். வாயு நிறைந்த பெட்டி, நடுவே தடுப்பு, தடுப்பில் சிறு கதவு. கதவருகே கூரிய பார்வையுள்ள ஓர் அணுவளவுக் காவலாள். விரைந்து வரும் மூலக்கூறுகளை ஒரு பக்கமும் மெதுவாக வருபவற்றை மறுபக்கமும் அவன் பிரித்துவிட்டால், உழைப்பு எதுவுமின்றி ஒரு பக்கம் சூடேறும், மறுபக்கம் குளிரும். வெப்ப இயங்கியலின் இரண்டாம் விதி பொய்த்துவிடும். இந்தக் காவலாளுக்குப் பின்னர் 'பூதம்' என்று பெயர் சூட்டியவர் கெல்வின். பூதத்தின் மூலதனம் ஒன்றே: தகவல்.

பூதத்தை அடக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1929-இல் ஹங்கேரியரான லியோ சிலார்டு, ஒரே ஒரு மூலக்கூறு உள்ள பெட்டியை எடுத்துக்கொண்டு, அது இடப்பக்கமா வலப்பக்கமா என்று அறிவதற்கு ஒரு விலை இருந்தாக வேண்டும் என்றார். 1961-இல் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ரோல்ஃப் லாண்டவர் விலை எங்கே விழுகிறது என்பதைச் சுட்டினார். ஒரு பிட் தகவலை அழிக்கும்போது, குறிப்பிட்ட அளவு வெப்பம் வெளியேறியே தீரும். எவ்வளவு திறமையான கருவியானாலும் அதற்குக் கீழே போக முடியாது. அவருடைய சக ஆய்வாளர் சார்லஸ் பென்னட் 1982-இல் இதைக் கொண்டு பூதத்தின் கணக்கை முடித்தார். பூதத்துக்கு நினைவாற்றல் வேண்டும். நினைவு நிரம்பிவிட்டால் பழையதை அழிக்க வேண்டும். தடுப்பால் கிடைத்த ஆதாயம் எல்லாம் அந்த அழிப்பிலேயே தீர்ந்துவிடும். 2012-இல் பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள், நீரில் மிதக்கும் ஒற்றை நுண்மணியை லேசர் கதிரால் இரு பள்ளங்களுக்கு இடையே நகர்த்தி, லாண்டவரின் எல்லையைச் சோதனையால் மெய்ப்பித்தனர்.

அந்த வெப்பம் எவ்வளவு? அறை வெப்பநிலையில் ஒரு டெராபைட் தரவு முழுவதையும் அழிக்க ஆகும் குறைந்தபட்ச ஆற்றல், ஒரு கொசுவை ஒரு மில்லிமீட்டர் உயரம் தூக்குவதற்கு ஆவது. நம் கருவிகள் உண்மையில் செலவிடுவது இதைவிடப் பன்மடங்கு என்பது வேறு. 2019-இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெல்வின் வாப்சன் இன்னும் ஒரு படி சென்று, சேமித்து வைத்த தகவலுக்கே நிறை உண்டு என்ற கருதுகோளை முன்வைத்தார். அவர் கணக்குப்படியே பார்த்தாலும் ஒரு டெராபைட் தரவின் நிறை, ஒரே ஒரு தங்க அணுவின் நிறையை எட்டாது. இது சோதனையால் நிறுவப்படவில்லை. இயற்பியலாளர் பலர் இதை ஏற்கவும் இல்லை. லாண்டவர் சொன்னதோ நிலைத்துவிட்டது: தகவல் ஆவியைப் போல் அலைவதில்லை, அதற்கு எப்போதும் ஓர் உடல் வேண்டும்.

*

தமிழ் படித்தவன் என்ற முறையில், நம் எழுத்து இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது என்று பார்க்கும் ஆசையும் எழுந்தது. 1991-இல் வெளிவந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. இன்று இணையமெங்கும் வழங்கும் யுடிஎஃப்-8 முறையை 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்தார்கள்; அதன் முதல் வரைவு நியூஜெர்சியின் உணவகம் ஒன்றில் சாப்பாட்டுத் தட்டின் கீழ் விரிக்கும் தாளில் எழுதப்பட்டதாம். அந்த முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல்லைக் கணினி த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகளாகப் பிரித்து 15 பைட்டில் எழுதுகிறது. அதே சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதினால் 5 பைட் போதும்.

அப்படியானால் தமிழ் மூன்று மடங்கு கனமா? இதற்கு விடை 1948-இலேயே கிளாட் ஷானன் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. ஒரு செய்தியின் தகவல் அளவு, அது எத்தனை குறியீடுகளால் எழுதப்பட்டது என்பதைப் பொறுத்ததன்று. அடுத்து வருவது எந்த அளவுக்கு எதிர்பாராதது என்பதைப் பொறுத்தது. தமிழ்க் கோப்பு ஒன்றைச் சுருக்கிப் பார்த்தால், மீண்டும் மீண்டும் வரும் அந்த மும்மடங்குச் சுமை பெரும்பாலும் கரைந்துவிடும். மொழி கனக்கவில்லை, பெட்டி கனத்தது.

*

அப்படியானால் எடை எங்கேதான் இருக்கிறது? தரவைக் காப்பதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பன்னாட்டு எரிசக்தி முகமையின் மதிப்பீட்டின்படி 2024-இல் உலகின் தரவு மையங்கள் ஏறத்தாழ 415 டெராவாட் மணி மின்சாரத்தை உண்டன. உலக மின்நுகர்வில் ஒன்றரை விழுக்காடு. ஐன்ஸ்டைன் காட்டிய வழியில் அந்த ஆற்றலை நிறையாக மாற்றிப் பார்த்தேன். ஏறத்தாழ பதினாறரை கிலோ வருகிறது. மனிதகுலம் ஓர் ஆண்டில் தன் தரவை இயக்கவும் காக்கவும் செலவிட்டது ஓர் அரிசி மூட்டைக்கும் குறைவான நிறை என்றால் சிரிப்பு வரும். ஆனால் அந்த ஆற்றலைப் பெறுவதற்கு எரித்த நிலக்கரியின் எடையைக் கணக்கெடுத்தால் சிரிப்பு அடங்கிவிடும்.

மின்சாரம் மட்டும் போதாது என்பதற்கு இங்கிலாந்தில் ஓர் உதாரணம் உண்டு. 1086-இல் முதலாம் வில்லியம் மன்னனின் ஆணையால் நாட்டின் நிலம், உடைமை அனைத்தும் கணக்கெடுக்கப்பட்டு 'டூம்ஸ்டே' ஏடாகத் தொகுக்கப்பட்டன. அதன் 900-ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1986-இல் பிபிசி நிறுவனம் புதியதொரு டூம்ஸ்டேயை உருவாக்கியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், தங்கள் ஊரைப் பற்றி எழுதியதும் எடுத்த படங்களும் லேசர் வட்டுகளில் பதிவாயின. பதினைந்து ஆண்டுகள் செல்வதற்குள் அவ்வட்டுகளைப் படிக்கும் கருவி அரிதாகிவிட்டது. 2002 வாக்கில் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அரும்பாடுபட்டு, பழைய கருவியைப் போலவே நடிக்கும் மென்பொருளை எழுதி அதை மீட்டனர். தோலில் மையால் எழுதிய பழைய டூம்ஸ்டேயோ லண்டனின் கியூவில், தேசிய ஆவணக் காப்பகத்தில், இன்றும் இலத்தீன் தெரிந்தவர் படிக்கும்படி இருக்கிறது.

இதிலிருந்து தோல் சிறந்தது, வட்டு தாழ்ந்தது என்று நான் முடிவுகட்டவில்லை. பழைய ஏடு கனமானது. ஆகவே அதை வைக்க இடம் வேண்டியிருந்தது. இடத்துக்குக் காவல் வேண்டியிருந்தது. காவலுக்கு ஆள் வேண்டியிருந்தது. கனம் அதன் காப்பாளர்களுக்குக் கடமையை நினைவூட்டிக்கொண்டே இருந்தது. நம் சுவடிகளின் கதையும் இதுவே. பனையோலை செல்லரிக்கும் என்று தெரிந்ததால்தான் தலைமுறைதோறும் யாரோ ஒருவர் உட்கார்ந்து பெயர்த்தெழுதினார்கள். எழுதாமல் விட்டவை போயின. வன்தட்டு செல்லரிப்பதில்லை. அது அறுநூறு கிராமாகவே இருந்து, எல்லாம் பத்திரமாக இருப்பதாக நம்மை நம்பவைத்து, ஒருநாள் நின்றுவிடுகிறது.

பதினான்கு ஒலிநாடாக்களைச் சுமந்த காலத்தில் ஆண்டுக்கு ஒருமுறையாவது அவற்றை வெயில் படாத இடம் பார்த்து மாற்றி வைத்தேன். ஒன்றிரண்டைப் போட்டுக் கேட்டேன். வன்தட்டுக்கு மாறிய பின் ஒருமுறைகூட அதைத் திறந்து பார்க்கவில்லை. சுமை நீங்கிய அன்றே காவலும் நீங்கிவிட்டது.

எஞ்சியது ஒரு குயர் நோட்டு. ஆய்வேட்டுக்காகக் கேட்டுக் கேட்டு எழுதியது. பதினொரு பெண்களில் மூவரின் பாடல்கள் மட்டும் அதில் உள்ளன. சொற்கள் இருக்கின்றன, குரலும் இழுவையும் இடையிடையே வந்த விம்மலும் இல்லை. அவற்றைத் தட்டச்சு செய்து முடித்துவிட்டேன். ஒரு படி தம்பி வீட்டில், ஒரு படி கல்லூரி நூலகத்தில், அச்சிட்ட படி ஒன்று பாடிய அம்மா ஒருவரின் பேத்தியிடம். அந்தப் பெண் கையில் வாங்கியதும் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "அப்பாயி பாடினது எதிலயாவது இருக்கா சார்?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன்.

இப்போது என் மாணவர்கள் கைப்பேசியில் நாட்டுப்புறப் பாடல்களைப் பதிவு செய்துகொண்டு வருகிறார்கள். மதிப்பெண் போடுவதற்கு முன் ஒன்று கேட்கிறேன்: இது எத்தனை இடத்தில் இருக்கிறது, கடைசியாக எப்போது திறந்து கேட்டாய்? சிலர் முணுமுணுக்கிறார்கள். அப்போது மேசை இழுப்பறையிலிருந்து அந்த வன்தட்டை எடுத்து அவர்கள் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.